"அறிவேன்" என்ற சொல்லும் "நம்புகிறேன்" என்ற சொல்லும்
மார்மன் சமயத்தில் நம்பிக்கை, ஐயம், பண்பாடு

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மார்மன்கள் என்று உலகம் அழைக்கும் மக்களின் வழிபாட்டுக் கூடங்களில் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை சற்று வேறுபட்டது. அன்று அவர்கள் இரண்டு வேளை உணவைத் தவிர்த்து உபவாசம் இருப்பார்கள். அந்த உணவுக்கு ஆகும் செலவை ஏழைகளுக்கென்று சபையில் கொடுத்துவிடுவார்கள். அன்றைய கூட்டத்தில் பிரசங்கம் செய்ய யாரும் நியமிக்கப்படுவதில்லை. சிறு பிள்ளை முதல் முதியவர் வரை யார் வேண்டுமானாலும் எழுந்து, முன்னே சென்று, தம் நம்பிக்கைக்குச் சாட்சி சொல்லலாம்.

அந்தச் சாட்சிகளில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும். "இந்தச் சபை உண்மையானது என்று நான் அறிவேன்" என்பார்கள். "நம்புகிறேன்" என்பது அல்ல, "அறிவேன்" என்பதே அங்கே வழக்கம். அம்மாவின் மடியில் இருக்கும் குழந்தைகூட, அம்மா காதோடு சொல்லிக் கொடுக்க, அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு வந்து அமரும்.

அதே கூடத்தில், அந்தச் சொல்லைச் சொல்ல மனம் ஒப்பாமல் மௌனமாக அமர்ந்திருக்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவருக்குச் சபையின் மீது வெறுப்பு இல்லை. அவருடைய பாட்டன் பாட்டி அந்தச் சமயத்துக்காகக் காடு மலை கடந்தவர்கள். அவருடைய மனைவி மக்கள் அருகில்தான் இருக்கிறார்கள். ஆனால் மனத்தில் ஒரு கேள்வி எழுந்துவிட்டது. அவருக்கு அந்தக் கூடத்தில் இடம் உண்டா? இன்றைய உரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

கேள்வியில் பிறந்த சமயம்

இந்தச் சமயத்தின் முறையான பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பதாகும். மார்மன் என்ற பட்டப்பெயரை விட்டு முழுப் பெயரையே வழங்க வேண்டும் என்று அதன் தலைமை 2018இல் கேட்டுக்கொண்டது. என்றாலும் இந்தப் பண்பாட்டைக் குறிக்க மார்மன் என்ற சொல்லே பரவலாகப் பழகிவிட்டது. சபையின் கணக்குப்படி உலகெங்கும் 1 கோடியே 70 லட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்கள் உள்ளனர்.

இதைத் தோற்றுவித்தவர் ஜோசப் ஸ்மித். 1805இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பிறந்த விவசாயி மகன். குடும்பம் பின்னர் நியூயார்க் மாநிலத்தின் பல்மைரா என்ற ஊரின் பக்கம் குடியேறியது. அங்கே பல கிறிஸ்தவப் பிரிவுகள் ஆளுக்கொரு பக்கம் மக்களை இழுத்துக்கொண்டிருந்தன. எந்தச் சபை சரியானது என்று தெரியாமல் அந்தச் சிறுவன் குழம்பினான். ஞானம் குறைந்தவன் கடவுளிடம் கேட்கட்டும் என்ற பொருளில் விவிலியத்தில் யாக்கோபு எழுதியிருப்பதைப் படித்தான். 1820இல், தன் 14ஆம் வயதில், தோப்புக்குள் தனியே சென்று கேட்டான். அங்கே தனக்குத் தெய்வக் காட்சி கிடைத்ததாகப் பின்னாளில் எழுதினார்.

1830இல் மார்மன் புத்தகம் அச்சாகி வெளிவந்தது. ஒரு தேவதூதன் காட்டிய பொன் தகடுகளிலிருந்து அதைப் பெயர்த்ததாக ஜோசப் ஸ்மித் அறிவித்தார். அதே ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் சபை நிறுவப்பட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஊரார் சொன்னதை அப்படியே ஏற்காமல், "எது உண்மை?" என்று ஒரு சிறுவன் கேட்டதிலிருந்துதான் இந்தச் சமயமே தொடங்குகிறது. அப்படிப்பட்ட சமயத்தில், பிற்காலத்தில் கேள்வி கேட்பவர் ஏன் தலைகுனிந்து அமர வேண்டியதாயிற்று?

சமயம் ஒரு சமுதாயமான கதை

அதற்கு விடை அவர்களின் வரலாற்றில் இருக்கிறது. இந்த மக்கள் போன இடமெல்லாம் விரட்டப்பட்டார்கள். 1838இல் மிசூரி மாநில ஆளுநர், மார்மன்களை ஒழிக்க வேண்டும் அல்லது மாநிலத்தை விட்டே துரத்த வேண்டும் என்று ஆணையிட்டார். 1844இல் இல்லினாய் மாநிலத்தின் கார்த்தேஜ் சிறையில் ஜோசப் ஸ்மித்தும் அவருடைய அண்ணன் ஹைரமும் ஒரு கும்பலால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதன்பின் பிரிகம் யங் தலைமையில் மக்கள் மேற்கு நோக்கிப் புறப்பட்டு, 1847 ஜூலை 24ஆம் நாள் சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்தார்கள். யூட்டா மாநிலத்தில் இன்றும் அந்த நாள் பொது விடுமுறை.

பட்ட துன்பம் ஒரு சபையை ஒரு சமுதாயமாக ஆக்கிவிட்டது. மது, புகையிலை, தேநீர், காப்பி ஆகியவற்றை அவர்கள் தொடுவதில்லை. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைச் சபைக்குக் கொடுக்கிறார்கள். திங்கட்கிழமை மாலை குடும்பத்தோடு கூடியிருக்க வேண்டும் என்பது நெடுநாள் வழக்கம். இளைஞர்கள் இரண்டு ஆண்டுகள் சொந்தச் செலவில் ஊழியம் செய்யப் போகிறார்கள். வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டை, கறுப்புப் பெயர்ப்பட்டையுடன் இருவர் இருவராக நடந்து செல்லும் இளைஞர்களை உலகின் பல நகரங்களில் காணலாம். ஒரு வீட்டில் சாவு விழுந்தால், சபைப் பெண்கள் பாலாடைக்கட்டி சேர்த்துச் சுட்ட உருளைக்கிழங்கைத் தட்டு தட்டாகக் கொண்டு வருவார்கள். அந்த உணவுக்கே "சாவு வீட்டு உருளைக்கிழங்கு" என்று பெயர் வந்துவிட்டது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஆலயச் சடங்கு ஒன்று உண்டு. கணவன் மனைவியும், பெற்றோர் பிள்ளைகளும் இந்தப் பிறவியோடு முடிந்துவிடாமல் நித்தியத்துக்கும் இணைக்கப்படுவதாக அவர்கள் நம்புகிறார்கள். இதை முத்திரித்தல் என்பார்கள். மரணம்கூடப் பிரிக்க முடியாத குடும்பம் என்பதே இந்தச் சமயத்தின் மிக இனிய வாக்குறுதி.

ஆனால் அந்த இனிமைக்குள்தான் வேதனையும் இருக்கிறது. குடும்பம் நித்தியமானது என்றால், ஒருவருக்கு வரும் ஐயம் அவருடைய சொந்த விவகாரமாக இருக்க முடியாது. மகன் நம்பிக்கை இழந்தால், மறுமையிலும் மகனை இழந்துவிடுவோமோ என்று தாய் கலங்குகிறாள். கணவன் கேள்வி கேட்டால், நித்தியத்துக்கும் செய்துகொண்ட மணம் என்னவாகும் என்று மனைவி அஞ்சுகிறாள்.

திருமணத்தையே எடுத்துக்கொள்வோம். சபையின் தகுதிச் சீட்டு உள்ளவர்கள் மட்டுமே ஆலயத்துக்குள் செல்லலாம். அதனால், நம்பிக்கை தளர்ந்த தந்தை தம் மகளின் ஆலயத் திருமணத்தைப் பார்க்க முடியாமல் வெளியே காத்திருக்க நேர்ந்தது. எல்லாரும் காண வெளியில் மணம் செய்துகொண்டு பிறகு ஆலயத்துக்குச் செல்லலாம் என்றால், அமெரிக்கா போன்ற நாடுகளில் ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. 2019இல் சபை அந்த விதியை நீக்கியது. எத்தனையோ பெற்றோர் அதற்கு முன்பே ஆலய வாசலில் காத்திருந்து முடித்துவிட்டார்கள்.

எச்சரித்தவர், உடன் நடந்தவர்

ஐயம் என்பது இந்தச் சமுதாயத்துக்குப் புதிதா என்றால், இல்லை. 1856ஆம் ஆண்டில் நடந்ததைப் பாருங்கள். மாட்டு வண்டி வாங்க வசதியில்லாத ஏழைக் குடியேறிகள், ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள், தங்கள் உடைமைகளைக் கைவண்டிகளில் ஏற்றி ஆயிரம் மைலுக்கும் மேல் இழுத்துச் செல்லப் புறப்பட்டார்கள். வில்லி குழு என்ற கூட்டம் நெப்ராஸ்காவின் ஃபுளோரன்ஸ் என்ற இடத்துக்கு வந்தபோது ஆகஸ்ட் மாதம் ஆகிவிட்டது. மேற்கொண்டு போவதா, குளிர்காலம் முடியும் வரை தங்குவதா என்று கூட்டம் கூடியது.

பர்மாவில் ஊழியம் செய்துவிட்டுத் திரும்பி வந்திருந்த லீவை சாவேஜ் என்பவர் எழுந்தார். இவ்வளவு தாமதமாகப் புறப்பட்டால் முதியோரும் குழந்தைகளும் பனியில் மடிவார்கள் என்று கண்ணீரோடு எச்சரித்தார். அவருக்கு நம்பிக்கை போதவில்லை என்று கடிந்துகொள்ளப்பட்டார். போவதென்றே முடிவாயிற்று. அப்போது அவர், தாம் சொன்னது உண்மை என்பதில் தமக்குச் சந்தேகமில்லை என்றும், ஆனாலும் எல்லாரும் போவதால் தாமும் உடன் வந்து உதவி செய்து, வரும் துன்பத்தைப் பகிர்ந்துகொள்வதாகவும் சொன்னார்.

அவர் சொன்னபடியே நடந்தது. அக்டோபரில் வயோமிங் சமவெளியில் பனி கொட்டியது. அந்தக் குழுவிலும் அதன் பின்னால் வந்த மார்ட்டின் குழுவிலுமாக 200க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சால்ட் லேக்கிலிருந்து மீட்புக் குழுக்கள் வந்த பிறகே எஞ்சியவர்கள் பிழைத்தார்கள்.

இன்று மார்மன் மக்கள் லீவை சாவேஜைப் பெருமையோடு நினைவுகூர்கிறார்கள். அன்று நம்பிக்கைக் குறைவு என்று சொல்லப்பட்டது உண்மையில் அக்கறை. தவறு என்று தெரிந்ததை வாய் திறந்து சொன்னார். சொன்ன பிறகு தம் மக்களைக் கைவிடவும் இல்லை.

துணிக்கு அடியில் ஒரு தட்டச்சுப் பொறி

நூறு ஆண்டுகளுக்குப் பிறகு அதே துணிவு ஒரு பெண்ணிடம் வெளிப்பட்டது. அவர் ஜுவானிட்டா புரூக்ஸ். 1898இல் நெவாடாவின் பங்கர்வில் என்ற மார்மன் கிராமத்தில் பிறந்தவர். மணமாகிச் சிறிது காலத்திலேயே கணவரை இழந்து, கைக்குழந்தையோடு படித்து ஆசிரியை ஆனவர். பிறகு மறுமணம் செய்து பெரிய குடும்பத்தை நடத்தியவர்.

இளம் ஆசிரியையாக இருந்தபோது, நீஃபை ஜான்சன் என்ற முதியவர் தம் கண்கள் கண்ட ஒன்றை எழுதி வைக்க வேண்டும் என்று அவரிடம் சொன்னார். ஜுவானிட்டா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் நாளைக் கடத்திவிட்டார். 1919இல் போய்ப் பார்த்தபோது முதியவர் மரணப்படுக்கையில் பிதற்றிக்கொண்டிருந்தார். இரத்தம், இரத்தம் என்று அலறினார். சொல்ல நினைத்ததைச் சொல்லாமலே கண் மூடினார்.

அவர் மனத்தில் கிடந்தது 1857 செப்டம்பர் 11ஆம் நாள். அமெரிக்கப் படை யூட்டாவை நோக்கி வந்துகொண்டிருந்த, அச்சமும் வெறியும் மிகுந்த காலம். ஆர்கன்சாவிலிருந்து கலிபோர்னியாவுக்குச் சென்றுகொண்டிருந்த குடியேறிகளின் வண்டித்தொடர், தெற்கு யூட்டாவில் மவுண்டன் மெடோஸ் என்ற புல்வெளியில் முற்றுகையிடப்பட்டது. வெள்ளைக் கொடியோடு சென்ற ஜான் டி. லீ, பத்திரமாக அழைத்துப் போவதாக வாக்களித்தார். வெளியே வந்தவர்கள், ஆண்கள், பெண்கள், சிறுவர்கள் என்று சுமார் 120 பேர் கொல்லப்பட்டார்கள். 17 சிறு குழந்தைகள் மட்டும் விடப்பட்டார்கள். கொன்றவர்கள் அந்தப் பகுதி மார்மன் படையினரும், அவர்களோடு சேர்ந்த சில பையூட் பழங்குடியினரும்.

20 ஆண்டுகள் கழித்து, 1877இல், ஜான் டி. லீ ஒருவர் மட்டும் தண்டிக்கப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார். பழியில் பெரும்பகுதி பழங்குடியினர் தலையில் விழுந்தது. ஊர் வாயை மூடிக்கொண்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தார்கள்.

ஜுவானிட்டா தோண்டத் தொடங்கினார். வீட்டு வேலைகளுக்கு இடையே எழுதினார். பக்கத்து வீட்டார் வந்தால் தட்டச்சுப் பொறியை இஸ்திரி போட வேண்டிய துணிகளால் மூடிவிடுவாராம். சபை ஆவணக் காப்பகத்தில் இருந்த முக்கிய வாக்குமூலங்களைப் பார்க்க அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. தேடத் தேட அவருடைய சொந்தப் பாட்டனார் பெயரும் அந்த நிகழ்ச்சியோடு சேர்த்துப் பேசப்படுவது தெரியவந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. 1950இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் அவருடைய நூலை வெளியிட்டது. உள்ளூர் மார்மன் தலைவர்களே அந்தக் கொலைக்கு ஏற்பாடு செய்தார்கள் என்பதை அவர் ஆதாரங்களோடு காட்டினார். பிரிகம் யங் அதற்கு ஆணையிடவில்லை என்றும், ஆனால் பின்னர் அதை மூடி மறைப்பதில் பங்கு கொண்டார் என்றும் எழுதினார்.

ஊரார் பலர் முகம் திருப்பிக்கொண்டார்கள். அவர் சபையை விட்டுப் போகவில்லை, சபையும் அவரை நீக்கவில்லை. 1989இல் இறக்கும் வரை அவர் மார்மனாகவே வாழ்ந்தார்.

2007இல், படுகொலையின் 150ஆம் ஆண்டில், சபையின் மூத்த தலைவர் ஒருவர் அதே புல்வெளியில் நின்று ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். பழியைச் சுமந்த பையூட் மக்களிடமும் வருத்தம் தெரிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, சபையின் சொந்த வரலாற்றாசிரியர்களே ஆவணங்களைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த வரலாற்றை எழுதி வெளியிட்டார்கள். ஜுவானிட்டா தனியாகச் சொன்னதைச் சபை சொல்வதற்கு 57 ஆண்டுகள் ஆயின.

வெளியேற்றப்பட்டவர்கள்

எல்லாருக்கும் இப்படி முடியவில்லை. 1945இல் ஜோசப் ஸ்மித்தின் வாழ்க்கை வரலாற்றை விமர்சன நோக்கில் எழுதிய ஃபான் புரோடி, அடுத்த ஆண்டே சபையிலிருந்து நீக்கப்பட்டார். அவர் பிற்காலத்தில் சபைத் தலைவரான டேவிட் மெக்கேயின் உடன்பிறந்தார் மகள். 1993 செப்டம்பரில் அறிஞர்கள், எழுத்தாளர்கள் ஆறு பேர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. "செப்டம்பர் அறுவர்" என்று அவர்களை அழைப்பார்கள்.

அவர்களில் ஒருவர் லவினா ஃபீல்டிங் ஆண்டர்சன். தலைமைக்கும் அறிஞர்களுக்கும் இடையே நடந்த மோதல்களைத் தொகுத்து வெளியிட்டதற்காக நீக்கப்பட்டார். நீக்கப்பட்டவர் கோபித்துக்கொண்டு வீட்டில் இருந்துவிடுவார் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். லவினாவோ வாரந்தோறும் அதே கூடத்துக்குப் போனார். அப்பமும் நீரும் சுற்றி வரும்போது அவர் எடுத்துக்கொள்ளக் கூடாது. பொதுவில் வேண்டுதல் சொல்லக் கூடாது. இருந்தும் பல்லாண்டுகள் போய்க்கொண்டே இருந்தார். 2019இல் மீண்டும் ஞானஸ்நானம் பெற விண்ணப்பித்தார். உள்ளூர் தலைவர்கள் ஆதரித்தும் மேலிடம் மறுத்துவிட்டது. 2023இல் உறுப்பினர் அல்லாதவராகவே இறந்தார். சமயம் ஒருவருக்கு வெறும் கோட்பாடு மட்டும் என்றால், இப்படி ஒரு வாழ்க்கை சாத்தியமா? அது அவருடைய வீடு. வீட்டை விட்டு அனுப்பினாலும் அவர் திண்ணையை விட்டு நகரவில்லை.

கேள்வி கேட்டவர்கள் பக்கம் வந்த விடை

கறுப்பின மக்கள் தொடர்பான வரலாறும் இங்கே சொல்லத் தக்கது. ஜோசப் ஸ்மித் காலத்திலேயே, 1836இல், எலைஜா ஏபல் என்ற கறுப்பினத்தவருக்கு ஆசாரியத்துவம் வழங்கப்பட்டது. ஆனால் 1852இல் பிரிகம் யங் அதைத் தடை செய்தார். ஆலயச் சடங்குகளும் கறுப்பின ஆண், பெண் இருபாலாருக்கும் மறுக்கப்பட்டன. அதாவது, நித்தியக் குடும்பம் என்ற அந்த இனிய வாக்குறுதி அவர்களுக்கு இல்லை.

1947இல் லோரி நெல்சன் என்ற சமூகவியல் பேராசிரியர் இந்தத் தடையைக் கேள்வி கேட்டுத் தலைமைக்கு எழுதினார். சபையின் போதனைக்கு இணங்கும்படியே பதில் வந்தது. 1973இல் லெஸ்டர் புஷ் என்ற மருத்துவர், தடைக்கு ஜோசப் ஸ்மித்திடம் ஆதாரமில்லை என்பதை விரிவான ஆய்வாக "டயலாக்" என்ற இதழில் வெளியிட்டார். நம்பிக்கையும் அறிவும் உரையாட வேண்டும் என்று மார்மன் இளைஞர்கள் 1966இல் தொடங்கிய இதழ் அது. இதற்கிடையில் கானாவிலும் நைஜீரியாவிலும் மார்மன் நூல்களைப் படித்தவர்கள், ஊழியர் யாரும் வராமலே, தாங்களாகச் சபைகள் அமைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

1978 ஜூனில் சபைத் தலைவர் ஸ்பென்சர் கிம்பல், தமக்குக் கிடைத்த வெளிப்பாட்டின்படி தடையை நீக்குவதாக அறிவித்தார். தடைக்குக் காரணமாகச் சொல்லப்பட்டு வந்த பழைய விளக்கங்களைச் சபை ஏற்கவில்லை என்று 2013இல் வெளியான கட்டுரை தெளிவாக அறிவித்தது. அன்று ஐயப்பட்டவர்களை அடங்கியிருக்கச் சொன்னார்கள். இன்று அவர்கள் ஐயமே சபையின் நிலைப்பாடு.

இணையம் திறந்த கதவு

21ஆம் நூற்றாண்டில் எதையும் பெட்டியில் பூட்டி வைக்க முடியாமல் போயிற்று. ஜோசப் ஸ்மித் பல பெண்களை மணந்திருந்தார் என்பதையும், மார்மன் புத்தகத்தைப் பெயர்க்கும்போது தொப்பிக்குள் ஒரு கல்லை வைத்துப் பார்த்துச் சொன்னார் என்பதையும் பல உறுப்பினர்கள் கணினித் திரையில்தான் முதன்முதலாகப் படித்தார்கள். அதற்குமுன் ஞாயிற்றுக்கிழமைப் பாடங்களில் அவற்றை அவர்கள் அனேகமாகக் கேட்டதில்லை. சுவீடனில் சபையின் உயர் பொறுப்பில் இருந்த ஹான்ஸ் மட்சன், உறுப்பினர்கள் கொண்டு வந்த கேள்விகளுக்கு விடை தேடப் போய், தாமே ஐயத்தில் ஆழ்ந்தார். 2013இல் அது அமெரிக்க நாளேடுகளில் செய்தியாயிற்று.

அதே 2013 முதல் 2015 வரை சபை விரிவான விளக்கக் கட்டுரைகளை வெளியிட்டது. ஜோசப் ஸ்மித்துக்கு 30 முதல் 40 மனைவியர் வரை இருந்திருக்கலாம் என்ற மதிப்பீட்டை அதுவே குறிப்பிட்டது. 2015இல் அந்தக் கல்லின் புகைப்படத்தையும் வெளியிட்டது. ஜோசப் ஸ்மித்தின் ஆவணங்கள் முழுவதும் தொகுதி தொகுதியாகப் பதிப்பிக்கப்பட்டன.

சிலருக்கு இது நிம்மதி தந்தது. எங்கள் சபை உண்மையைச் சொல்ல அஞ்சவில்லை என்று மகிழ்ந்தார்கள். வேறு சிலருக்கோ காயம் ஆழமாயிற்று. அந்தக் கல் அவர்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இவ்வளவு காலம் ஏன் சொல்லவில்லை என்பதே அவர்கள் கேள்வி. வெளியார் சொல்லிக் கேட்பதற்கும் வீட்டுப் பெரியவர் உட்கார வைத்துச் சொல்லிக் கேட்பதற்கும் வேறுபாடு உண்டல்லவா?

சிக்கல்கள் தீர்ந்துவிடவும் இல்லை. பெண்களுக்கும் ஆசாரியத்துவம் வேண்டும் என்று இயக்கம் நடத்திய கேட் கெல்லி 2014இல் நீக்கப்பட்டார். ஒருபால் இணையரின் பிள்ளைகளுக்கு 18 வயதுக்கு முன் ஞானஸ்நானம் இல்லை என்று 2015இல் வந்த விதி, பலத்த வேதனைகளுக்குப் பின் 2019இல் திரும்பப் பெறப்பட்டது. வீட்டுக்கு வீடு, உணவு மேசைக்கு உணவு மேசை, இந்த விவாதம் தொடர்கிறது.

ஒரு சிறுவனின் சொல்

நேயர்களே, தொடங்கிய இடத்துக்கே திரும்புவோம். "அறிவேன்" என்று சொல்ல முடியாதவருக்கு அந்தக் கூடத்தில் இடம் உண்டா?

2013 ஏப்ரலில் நடந்த பொது மாநாட்டில், சபையின் அப்போஸ்தலர்களில் ஒருவரான ஜெஃப்ரி ஹாலண்ட் ஒரு நிகழ்ச்சியைச் சொன்னார். 14 வயதுச் சிறுவன் ஒருவன் தயங்கித் தயங்கி அவரிடம் வந்தான். இந்தச் சபை உண்மையானது என்று அறிவேன் எனச் சொல்ல இன்னும் என்னால் முடியவில்லை, ஆனால் நம்புகிறேன் என்றான். அவர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. இறுக அணைத்துக்கொண்டார். நம்புகிறேன் என்பது அருமையான சொல், அதற்காக நீ யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை என்று சொன்னாராம்.

தோப்புக்குள் சென்று கேள்வி கேட்ட ஜோசப் ஸ்மித்துக்கும் அதே 14 வயதுதான்.

ஐயம் எல்லாமே உயர்ந்தது என்று சொல்வதற்கில்லை. வெறும் வாதத்துக்காகக் கேட்பவரும் உண்டு. ஆனால் லீவை சாவேஜும், ஜுவானிட்டாவும், லவினாவும் அப்படிக் கேட்டவர்கள் அல்லர். தம் மக்கள் மீது கொண்ட பாசத்தால் கேட்டவர்கள். அவர்களை நம்பிக்கையற்றவர்கள் என்று ஒதுக்கியபோதெல்லாம் அந்தச் சபை தனக்கே இழப்பைத் தேடிக்கொண்டது. அவர்கள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டபோது, தாமதமாகவேனும், அது தன் வரலாற்றையே நேர் செய்துகொண்டது.

கேள்வி கேட்கும் பிள்ளை வீட்டை விட்டுப் போகத் துடிக்கும் பிள்ளை அல்ல. பெரும்பாலும் அது வீட்டில் இருக்க ஆசைப்படும் பிள்ளை. கதவைச் சாத்துவதா, பக்கத்தில் உட்கார இடம் விடுவதா என்பது பெரியவர்கள் கையில் இருக்கிறது.